பானைச் சோறும் காட்டுப் புலியும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியை வகுப்பறையில் நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம். அகப்பையால் கிளறிய பின் எடுத்த சோறே பதம் காட்டும். மேலாக எடுத்த பருக்கை அடிப்பானையின் நிலையைச் சொல்லாது. உயிர்களை எண்ணிய வரலாற்றிலும் இந்நிபந்தனையே மையமாக நிற்கிறது.

1802ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ், சில ஊர்களின் மக்களை மட்டும் எண்ணச் செய்தார். ஆண்டுதோறும் ஏறத்தாழ 28 பேருக்கு ஒரு பிறப்பு என்னும் விகிதம் கிடைத்தது. அதனை நாட்டின் மொத்தப் பிறப்புகளால் பெருக்கி, பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட்டார்.

இதே விகித அறிவை விலங்குகளுக்குப் பொருத்தியோருள் முன்னோடி டென்மார்க்கின் மீனியல் அறிஞர் பீட்டர்சன். 1890களில் அவர் மீன்களுக்கு அடையாளமிட்டு நீரில் விட்டார். 1930இல் அமெரிக்கரான ஃபிரெடரிக் லிங்கன், கால்வளையமிட்ட வாத்துகளைக் கொண்டு மொத்த வாத்துகளை மதிப்பிடும் வழியை வகுத்தளித்தார். ஒரு குளத்தில் 100 மீன்களுக்குக் குறியிட்டு விடுகிறோம் எனக் கொள்வோம். மறுமுறை பிடித்த 50இல் 5 மட்டுமே குறியுடையவை எனில், குளத்து மீன்களில் பத்தில் ஒன்று குறியுடையது. ஆகவே மொத்தம் 1000. குறி அழியாதிருக்க வேண்டும். குறியிட்டவை மற்றவற்றோடு நன்கு கலந்திருக்க வேண்டும். கிளறுதல் என்பது இதுவே.

இந்தியாவிலோ நெடுங்காலம் வேறு வழி கையாளப்பட்டது. காலடித் தடத்தைக் கொண்டே ஒவ்வொரு புலியையும் இனங்கண்டுவிடலாம் என நம்பினர். 1972இல் 1827 புலிகள் என்றும், 2001-02இல் 3642 என்றும் கணக்குகள் வெளிவந்தன. ஒரே பாதம் மணலிலும் சேற்றிலும் வெவ்வேறாய்ப் பதியும் என்பதும், கண்ணில் படாதவை எத்தனை என்பதும் அக்கணக்கில் இடம்பெறவில்லை. இராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் 2004இல் 16 முதல் 18 புலிகள் உள்ளதாக ஏடு கூறிற்று. 2005இல் அங்கு ஒரு புலியும் இல்லை என்பது உறுதியாயிற்று. கள்ளவேட்டையர் புலிகளைக் கொன்றுகொண்டிருக்க, ஏட்டுப் புலிகள் உயிரோடிருந்தன.

இதற்கு முன்னரே, 1990களில், உல்லாஸ் கரந்த் நாகரஹொளே காட்டில் தானியங்கி நிழற்படக் கருவிகளை நிறுவியிருந்தார். ஒரு புலியின் வரிகள் மற்றொன்றுக்கு அமைவதில்லை. இயற்கை இட்ட குறி இருக்கையில் மனிதர் குறியிடத் தேவையில்லை. 2006ஆம் ஆண்டுக்கான நாடு தழுவிய மதிப்பீடும் இவ்வழியைத் தழுவியது. கிடைத்த எண் 1411. முறையே மாறியதால், இதனை முந்தைய எண்ணோடு நேராக ஒப்பிட்டு வீழ்ச்சியை அளத்தல் தகாது. புதிய ஏடு 1165 முதல் 1657 வரை என எல்லையும் குறித்தது. 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு 3682. எல்லை 3167 முதல் 3925 வரை.

எல்லை குறிப்பது அறியாமையை ஒப்புக்கொள்வதேயாம். அவ்வடக்கம் முன்பே வாய்த்திருந்தால், சரிஸ்காவுக்கு 2008இல் ரந்தம்பூர்ப் புலிகளைக் கொணர்ந்து விடும் நிலை நேராதிருந்திருக்கலாம். இனி அப்பழமொழியை விளக்குகையில், கிளறுவதையும் சேர்த்தே சொல்வோம்.