கையைக் காக்க வந்த உறை

புதுச்சேரி நகருக்கு மேற்கே, விழுப்புரம் சாலையில் உள்ளது ரெட்டியார்பாளையம். அதற்கு வடக்கே சற்றுத் தொலைவில், கோரிமேட்டில், ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியினர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. அப்பள்ளியின் முதல் அறுபது ஆண்டுகளில் அறுவைக் கையுறை உலகில் எங்குமே வழக்கத்தில் இல்லை. வெறுங்கையால்தான் அறுத்தார்கள், தைத்தார்கள்.

நோயாளியைக் கிருமிகளிடமிருந்து காக்கவே கையுறை பிறந்தது என்று நீங்கள் எண்ணக்கூடும். அப்படியன்று. ஒரு நர்ஸின் கைப்புண்தான் அதற்குக் காரணம்.

அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்பவர் அறுவைக்கூட நர்ஸாக இருந்தார். அக்காலத்தில் கிருமிகளைக் கொல்லக் கைகளைப் பாதரசக் குளோரைடுக் கரைசலில் முக்குவது வழக்கம். அது கொடிய நஞ்சு. கரோலினின் கைகளும் முன்கைகளும் சிவந்து புண்ணாயின. திறமை மிக்க அவரை இழக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட்டுக்கு மனமில்லை. குட்இயர் ரப்பர் கம்பெனிக்குச் சொல்லி, மெல்லிய கையுறைகள் இரண்டு ஜோடி செய்வித்தார். 1890-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. (இந்தத் திருமணத்தைப் பலரும் சுவையாகச் சொல்வார்கள், புண்ணை மறந்துவிடுவார்கள்!) கையுறையால் நோயாளிக்கும் நன்மை உண்டு என்பதை 1899-இல்தான் ஹால்ஸ்டெட்டின் உதவியாளர் பிளட்குட் கணக்குடன் எடுத்துக் காட்டினார்.

இதற்கிடையே, 1895-இல், யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஓர் எளிய சோதனையை விளக்கினார். ஐயத்துக்குரிய பொருளைத் தோலின் மேல் ஒட்டிவைத்துப் பார்ப்பதே அது. அவர் சோதித்ததும் பாதரசத்தைத்தான். ஒருவருக்கு ஒன்றும் செய்யாத பொருள் மற்றொருவருக்குத் தடிப்பை உண்டாக்கினால், அது ஒவ்வாமை. காரமான பொருள் யார் தோலையும் அரிப்பது வேறு. மருத்துவமனை ஊழியரின் கைப்புண்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையே. ஓயாமல் சோப்பும் தண்ணீரும் பட்டாலே போதும்.

1940-களின் இறுதியில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அந்த ஊசிமருந்தைக் கரைத்து ஏற்றிய நர்ஸுகளுக்கு விரல்களிலும் கண்ணிமைகளிலும் அழற்சி கண்டது. நோயாளி பிழைத்தார், நர்ஸ் வேறு வார்டுக்கு மாற வேண்டியிருந்தது.

பிறகு எய்ட்ஸ் வந்தது. இரத்தம் படக்கூடிய வேலைகளுக்கெல்லாம் கையுறை வேண்டும் என்று 1987-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பரிந்துரைத்தது. உலகெங்கும் கையுறையின் தேவை பன்மடங்கு பெருகியது. கூடவே புதிய தொல்லையும் பெருகியது. கையுறைக்கு மூலப்பொருள் ரப்பர் மரத்தின் பால். அதிலுள்ள புரதங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், சிலருக்கு மூச்சுத்திணறல் கூட ஏற்படும். கையுறை எளிதில் மாட்டுவதற்காகத் தூவிய மாவுத்தூள் அப்புரதத்தைச் சுமந்து காற்றில் பரவியது. ஆகவே, கையுறையைத் தொடாமல் அறையில் நின்றவரும் தப்பவில்லை. தூள் தூவிய கையுறைகளுக்கு அமெரிக்கா 2016 டிசம்பரில் தடை அறிவித்தது.

செயற்கையான நைட்ரைல் கையுறையில் இப்புரதம் இல்லை. எனினும் அதைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் போன்ற வேதிப்பொருள்கள் சிலருக்குத் தோல் அழற்சியைத் தருகின்றன. இது உடனே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். அதனால்தான் பலர் கையுறையைச் சந்தேகிப்பதே இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் பணிபுரிந்து, கையில் அரிப்பு என்று சொன்னால், வாழைப்பழமோ பப்பாளியோ தின்னும்போது உதடு அரிக்கிறதா என்றும் கேளுங்கள். ரப்பர் பாலின் புரதத்தை ஒத்த புரதங்கள் இப்பழங்களிலும் உண்டு. தோல் மருத்துவரிடம் இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தேவையானால், யாடசோன் காட்டிய வழியிலேயே, முதுகில் சிறு ஒட்டுகளை இரண்டு நாள் வைத்து அவர் சோதித்துப் பார்ப்பார்.