பின்வரிசைக்கும் படம் தெரிய வேண்டுமா? கேட் 6 கேபிளில் எச்டிஎம்ஐ இணைக்கும் முறை

ஆலயத் திருவிழா, திருமணம், தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழா என எதுவானாலும் முன்வரிசையில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். தூணுக்குப் பின்னாலும் பந்தலின் ஓரத்திலும் அமர்ந்திருக்கும் முதியவர்களுக்கு ஒலிபெருக்கிச் சத்தம் மட்டுமே மிச்சம். பாயா ரும்புட்டுக்கு அருகே, செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் மாசி மகத்துக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கேமரா படத்தைத் தொலைக்காட்சியிலோ புரொஜெக்டரிலோ காட்டினால் இந்தக் குறை தீரும். ஆனால் மேடையிலிருந்து திரைக்கு 30, 40 மீட்டர் தூரம் இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் அவ்வளவு தூரத்துக்கு உருவாக்கப்பட்டதல்ல. 1080p படத்துக்கு 10 மீட்டர் வரை பெரும்பாலும் தாங்கும். 15 மீட்டரைத் தாண்டினால் படத்தில் புள்ளிகள் மின்னும், அல்லது திரை கறுத்துவிடும். 4கே படத்துக்கு எல்லை இன்னும் குறைவு. இதற்கு மலிவான தீர்வு, இணையத்துக்குப் பயன்படும் கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளோடு ஒரு ஜோடி ‘எக்ஸ்டெண்டர்’ பெட்டிகளை இணைப்பது.

முறுக்கின் பலன்

கேட் 6 கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராகச் செல்லும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் பாதிக்கும். பெறும் பெட்டி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே கணக்கில் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. அன்று குரலுக்காகச் செய்யப்பட்டது, இன்று நொடிக்குப் பல நூறு கோடி துணுக்குகள் கொண்ட காணொளியைச் சுமக்கிறது.

மூன்று வகைப் பெட்டிகள்

முதல் வகை, மின்சாரம் இல்லாமல் இரண்டு கேட் 6 கேபிள்களில் இயங்கும் எளிய பெட்டி. விலை குறைவு, குறுகிய தூரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாவது, ஒரே கேபிளில் நேரடியாக இயங்கும் மின்சாரப் பெட்டி. எல்ஜி, சாம்சங், சோனி, வேலன்ஸ் ஆகிய நிறுவனங்கள் 2010இல் அமைத்த கூட்டமைப்பின் ‘எச்டிபேஸ்டி’ முறையும் இந்த வகைதான். இதில் 100 மீட்டர் வரை செல்லும் பெட்டிகள் உண்டு. மண்டபங்களுக்கு மிகவும் ஏற்றது இதுவே.

மூன்றாவது, ‘ஐபி’ வகை. நெட்வொர்க் சுவிட்ச் வழியாகப் பல திரைகளுக்குப் பிரித்து அனுப்பலாம். ஆனால் படம் சற்றுத் தாமதமாக வரும். பேச்சாளர் நேரில் பேசி முடித்த பிறகு திரையில் வாய் அசைவது கண்ணை உறுத்தும். திரை வேறு அறையில் இருந்தால் பாதகமில்லை.

இரண்டாவது வகைப் பெட்டியின் கேபிள் துளை, வீட்டு ரூட்டரில் உள்ளதைப் போலவே இருக்கும். ஆனால் அதை ரூட்டரிலோ சுவிட்ச்சிலோ செருகக் கூடாது. சில பெட்டிகள் அதே கேபிளில் மின்சாரத்தையும் அனுப்புவதால் கருவி பழுதாகக்கூடும்.

பழுது எங்கே வருகிறது?

படம் வராவிட்டால் பெட்டியைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றவாளி கேபிளும் அதன் முனையும்தான்.

கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். மலிவு விலைக் கேபிள்கள் சிலவற்றில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு மட்டுமே இருக்கும். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் நீண்ட தூரத்துக்கு அது வேண்டாம்.

ஆர்ஜே45 முனையில் கம்பிகளின் வரிசை இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கிலுள்ள ‘பி’ வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

பச்சை ஜோடியை நீல ஜோடி பிரிப்பது சிலருக்குத் தவறாகத் தோன்றும். பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்கள். சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்குகளும் முறையாக எரியும். ஆனாலும் படம் வராது, அல்லது விட்டு விட்டு வரும். மூன்றாம், ஆறாம் ஊசிகள் ஒரே ஜோடியில் அமையாததால் முறுக்கின் பலன் போய்விடுவதே காரணம். முனையில் முறுக்கைப் பிரிக்கும் நீளமும் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இணைக்கும் வரிசை

1. கேபிள் செல்லும் பாதையை அளந்து, அதற்கு மேல் தூரம் தாங்கும் பெட்டியை வாங்குங்கள். சுவர் ஏறி இறங்கும் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

2. கேபிளை இழுப்பதற்கு முன், ஒரு மேசையில் 2 மீட்டர் கேட் 6 கேபிள் கொண்டு எல்லாவற்றையும் இணைத்துப் பாருங்கள். இங்கே படம் வந்து மண்டபத்தில் வராவிட்டால், பழுது நீண்ட கேபிளில் என்பது உறுதி.

3. ‘டிஎக்ஸ்’ பெட்டி கேமரா அல்லது கணினிப் பக்கம், ‘ஆர்எக்ஸ்’ பெட்டி திரைப் பக்கம். மாற்றி வைத்தால் இயங்காது.

4. கேபிள் நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாகச் செல்லட்டும். மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். மீதமுள்ளதை இறுக்கிச் சுருட்டி வைக்காதீர்கள்.

5. முதலில் திரை, பிறகு பெட்டிகள், கடைசியாகக் கணினி என்ற வரிசையில் மின்சாரம் கொடுங்கள். திரை என்னென்ன அளவுகளை ஏற்கும் என்பதைக் கணினி தொடக்கத்திலேயே கேட்டறிய இது உதவும்.

அப்படியும் படம் நடுங்கினால் கணினியில் 4கேயிலிருந்து 1080pக்கும், தேவைப்பட்டால் 720pக்கும் இறக்கிப் பாருங்கள். பின்வரிசையில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கேமரா படம் வந்து, கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டியின் படம் மட்டும் வராவிட்டால் அது நகல் தடுப்புப் பூட்டாக இருக்கலாம். பெட்டி ‘எச்டிசிபி’ முறையை ஏற்கிறதா என்று வாங்கும்போதே கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடி, மின்னல் எச்சரிக்கை

இடி, மின்னல் அதிகமுள்ள நாடு மலேசியா. ஆலயத்திலிருந்து தனியாக நிற்கும் மண்டபத்துக்கு வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுத்தால், அருகில் விழும் மின்னல்கூட அதன் வழியே வந்து இரு பக்கக் கருவிகளையும் எரித்துவிடலாம். இரு கட்டடங்களுக்கிடையே மின்சாரம் கடத்தாத ஒளியிழைக் கேபிளே பாதுகாப்பானது. தற்காலிகப் பந்தலுக்கு இழுத்த கேபிளை இடி கேட்பதற்கு முன்பே, வானம் இருட்டும்போதே இரு முனைகளிலும் கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடக் கூடாது.

இந்த வேலைகளை விழா நாள் காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். முதல்நாள் மாலையே எல்லாவற்றையும் இணைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கடைசி நாற்காலியில் ஒருவரை அமரச் சொல்லிக் கேளுங்கள். அவருக்குப் படம் தெளிவாகத் தெரிந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.