மலைநாட்டு மருத்துவச்சி: கைப்பழக்கமும் கல்வியும்

மருத்துவச்சியின் தொழில் மனித குலத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. ஆயினும், அதனை முறைப்படி பயிலவேண்டிய ஒரு கல்வியாக உலகம் ஏற்றுக்கொண்டது அண்மைக் காலத்திலேதான். இங்கிலாந்தில் மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1902இல் பிறந்தது. அந்நாட்டில் அத்தொழிலுக்கு வருவோர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாகவேண்டும் என்ற விதி 2008இல் நடைமுறைக்கு வந்தது. அட்டன், நுவரெலியா முதலிய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இக்கல்வி நடந்துவந்த பாதையை நேயர்கள் சிறிது நோக்குதல் தகும்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோருட் பெரும்பாலார் ஆடவர். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை இந்நிலையை மாற்றிற்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதனைக் கிள்ளுவதற்குப் பெண்களின் கைகள் வேண்டியிருந்தன. ஆகவே குடும்பங்கள் குடியேறின. லயத்துக் காம்பராக்களிலே குழந்தைகள் பிறந்தன.

அக்காலத்தில் பேறு பார்த்தவர், அனுபவம் முதிர்ந்த தோட்டத்துக் கிழவியே. கருவுற்ற பெண்ணுக்கு அவர் தாய்க்குச் சமானம். இயல்பான பேற்றினை அவர் திறமையாகவே நடத்திவைத்தார். ஆனால், மிகுந்த உதிரப்போக்கையும் பிரசவக் காய்ச்சலையும் தடுக்கக் கைப்பழக்கம் மட்டும் போதவில்லை. மலைநாட்டுப் பெண்களிடையே கொக்கிப்புழு நோய் பரவியிருந்தது. அதனை ஒழிக்கும் இயக்கத்தை ரொக்பெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. அப்புழு குருதியைக் குடித்துச் சோகையை உண்டாக்கும். சோகையுற்ற தாய்க்குச் சிறிதளவு உதிரப்போக்கும் உயிருக்கு ஆபத்தாகும். பிரசவக் காய்ச்சலோ, தூய்மையற்ற கையால் பரவுவது. கையைக் கழுவினால் இம்மரணங்கள் குறையும் என்பதை 1847இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் மெய்ப்பித்தார். அவ்வுண்மை லயத்துக் காம்பராவை எட்டுவதற்குப் பல தலைமுறைகள் கடந்தன.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் பொருந்தாது. தோட்டப் பகுதிகளுக்கு வைத்திய வசதி அளிக்கும் பொருட்டு 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல் தோட்டத்தின் கடமை என 1912ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டமும் வந்தது. சோறும் ஓய்வும் சட்டத்தால் கிடைக்கக்கூடியவை. பயிற்சி பெற்ற கையைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்க இயலாது. அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டும்.

பயிற்சி இலங்கையில் இல்லாமலில்லை. கொழும்பில் சாள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் 1879இல் திறக்கப்பட்ட பிரசவ விடுதி, மருத்துவச்சிகளைப் பயிற்றும் நிலையமாக வளர்ந்தது. மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் கற்பித்து, பிரசவ வைத்திய நூலையும் தமிழாக்கினார். இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தபின், வீடுதோறும் சென்று தாயையும் சேயையும் பேணும் மருத்துவச்சிகள் கிராமங்களில் தோன்றினர்.

அங்ஙனமாயின், தோட்டத்துப் பெண் ஏன் அப்பயிற்சியைப் பெறவில்லை? பயிற்சி நிலையத்தின் வாயிலில் நிற்பதற்கே ஓரளவு படிப்பு வேண்டியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட உரிமையாளர்மேல் சுமத்திய போதிலும், பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் தொடக்க வகுப்புகளோடு நின்றன. அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கும் பணி 1970களின் பிற்பகுதியிலேதான் விரைவு பெற்றது. இடையில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. குடியுரிமையில்லாதோருக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. ஆகவே, மலைநாட்டு மருத்துவச்சியின் வரலாறு பெரும்பாலும் மலைநாட்டுப் பாடசாலையின் வரலாறே எனலாம்.

1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் மாண்டனர். இந்நூற்றாண்டில் அத்தொகை 30 அளவுக்குத் தாழ்ந்தது. இப்பெரிய வெற்றியில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளின் பங்கு தலையாயது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் அவர்கள், வைத்தியசாலையில் ஓராண்டும் பொதுச் சுகாதாரத் துறையில் ஆறு மாதமுமாக ஒன்றரை ஆண்டு பயில்கின்றனர். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டப்படிப்பு உண்டு. மகப்பேற்றுப் பராமரிப்பு அதன் ஓர் அங்கம். ஆனால், அப்பட்டப்படிப்பிற்குச் செல்ல உயர்தர வகுப்பில் உயிரியல் விஞ்ஞானம் பயின்றிருத்தல் வேண்டும். பேராதனை மலைநாட்டின் அடிவாரத்திலே இருக்கிறது. எனினும் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் இல்லாத பாடசாலையிலிருந்து அவ்விடத்திற்குள்ள தூரம் மிகப் பெரிது.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் அமைந்த 150 கட்டில் வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. கட்டிடமும் கட்டிலும் இன்றியமையாதனவே. ஆனால், நோவில் வருந்தும் பெண் தன் அச்சத்தைத் தன் மொழியில் சொல்லவும், அதனைக் கேட்டுப் புரிந்துகொண்டு, அபாயத்தின் அறிகுறியை உடனே கண்டறியவும் ஒருவர் அருகே இருத்தல் வேண்டும். பழைய கிழவியிடம் அன்பும் மொழியும் இருந்தன; கல்வி இல்லை. வெளியிலிருந்து வந்த உத்தியோகத்தர் பலரிடம் கல்வி இருந்தது, மொழி இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே உடையவளாக லயத்திலே பிறந்து வளர்ந்த பெண் வரவேண்டுமாயின், மலைநாட்டுப் பாடசாலைகளில் விஞ்ஞான வகுப்புகள் முதலில் நிலைபெறவேண்டும்.