தரை ஆடுது, நடுவர் அவர்களே!

நான் காரைக்கால் கிளிஞ்சல்மேடு. எதிரணி நண்பர், விண்கலத்தைக் கம்ப்யூட்டரே ஓட்டிக்கும், மனுஷன் எதுக்குன்னு கேட்டார்.

நாலு நாள் விசைப்படகுல கிடந்துட்டு கரையேறினா எங்க அப்பாவுக்குத் தரை ஆடும். திண்ணையைப் பிடிச்சுக்கிட்டுதான் உட்காருவார். உள்காதுல இருக்கிற பொடிக்கல்லுங்கதான் எது மேல, எது கீழன்னு மூளைக்குச் சொல்லுது. விண்வெளியில எடையே தெரியாததால, மூளை அந்தச் சேதியை நம்பாமப் பழகிடுது. திரும்புறப்போ எடை ஏறும்; தலையை லேசா சாய்ச்சாலே கலம் கவிழ்ற மாதிரி தோணும்.

எங்க ஊர் 1954 வரைக்கும் பிரெஞ்சு ஊர். பிரான்சின் முதல் விண்வெளி வீரர் ழான்-லூ கிரெத்தியென் 1982-ல் போன அதே சல்யூத் 7-க்குத்தான் 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மாவும் போனார். (ரெண்டு பேரையும் நாங்க சொந்தம் கொண்டாடிக்குவோம்!) சர்மா, விமானப்படையின் சோதனை விமானி. அவரே எடையற்ற நிலையைச் சமாளிக்க அங்கே யோகாசனம் செய்து பார்த்தார். 2025-ல் போய் வந்த சுபான்ஷு சுக்லா, மடிக்கணினி மிதக்கும்னு நினைச்சுக் கட்டிலுக்கு வெளியே தள்ளிவிட்டாராம். நல்லவேளை, கீழே கம்பளம்!

அவங்க ரெண்டு பேரும் பாராசூட்டில் இறங்கினவங்க. 1981 முதல் 2011 வரை பறந்த அமெரிக்க ஷட்டில் அப்படியில்ல. இறங்குறப்போ எஞ்சின் ஓடாது. தப்பினா இன்னொரு சுற்று கிடையாது. ரெண்டு வாரம் மிதந்த கைதான் கடைசி நிமிஷத்துல அதைத் தரையிறக்கணும். அதுக்குத் தளபதி, பயிற்சி விமானத்துல குறைஞ்சது 1000 தடவை இறங்கிப் பழகியிருக்கணும்.

அந்த ஆயிரம் தடவையும் உட்கார்ந்தது யாரு, எதிரணி நண்பரே? கம்ப்யூட்டரா?