தட்டைத் தாங்குவது எது?

அலமாரி செய்யச் சொல்லிப் பட்டறைக்கு வருபவர்கள் மரம் தேக்கா வேங்கையா என்று கேட்பார்கள், பாலிஷ் கேட்பார்கள். தட்டு பக்கப் பலகையோடு எப்படிச் சேர்கிறது என்று கேட்பவர் அபூர்வம். 1632-இல் லண்டன் மாநகரத்தில் ஒரு தொழில் வழக்கே பலகைகள் எப்படிச் சேர்கின்றன என்பதை வைத்துத்தான் தீர்ந்தது.

வழக்காடிய இரு தரப்பையுமே தமிழில் தச்சர் என்றுதான் சொல்வோம். அங்கே அவர்கள் தனித்தனிச் சங்கத்தார். கூரையும் உத்தரமும் ஏற்றிய கார்பென்டர்களுக்கு 1477-இல் அரச பட்டயம் கிடைத்தது. சட்டம் கோத்து நாற்காலியும் பெட்டியும் செய்த ஜாயினர்களுக்கு 1571-இல். ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கிறார் என்று ஓயாத சண்டை. நகர மன்றத்து மூத்த உறுப்பினர்களான ஆல்டர்மென் கடைசியில் எல்லை வகுத்தார்கள். முனையை நாக்காகச் செதுக்கித் துளையில் செருகியது, புறாவால் மூட்டு போட்டது, வச்சிரம் வைத்து ஒட்டியது எல்லாம் ஜாயினருக்கு. பலகையை வைத்து ஆணி அடித்துச் செய்தது கார்பென்டருக்கு.

பிழைப்புக்கான சண்டைதான் அது. ஆனாலும் கோடு போட்ட இடம் சரியான இடம் என்று நான் நினைக்கிறேன்.

பக்கப் பலகைக்கு வெளியிலிருந்து ஆணி அடித்தால் அது தட்டின் முனையில், நார் ஓடும் திசையிலேயே இறங்குகிறது. அங்கே பிடிப்பு குறைவு. புத்தகத்தின் பாரம் முழுக்க ஆணியின் கழுத்தில் நிற்கும். சரி, அடியில் ஒரு தாங்குகட்டை அடிக்கலாமே என்றால், மழைக்காலத்தில் பக்கப் பலகை அகலவாட்டில் உப்பும், வெயிலில் சுருங்கும். குறுக்கே கிடக்கும் கட்டை நீளவாட்டில் அசையாது. இரண்டையும் ஆணி இறுக்கிப் பிடித்திருந்தால் பலகைதான் வெடிக்கும்.

பக்கப் பலகையில் குறுக்கே பள்ளம் வெட்டித் தட்டின் முனையை அதில் செருகுவது காடி. அதில் இந்தத் தொல்லை இல்லை. ஓர் அங்குலப் பலகையில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் போதும். அகலத்தை அளவுகோலால் எடுக்க மாட்டேன். தட்டையே பலகைமேல் நிறுத்திக் கத்தி முனையால் இருபுறமும் கீறுவேன். கீறலுக்கு உட்பக்கமாக இரண்டு வாள்வெட்டு, நடுவில் உளி. கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் உள்ளே போக வேண்டும். கையால் தள்ளியே போனால் தளர்ச்சி, ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் பலகை பிளக்கும். இப்போது பாரம் காடியின் கீழ் உதட்டில், தட்டின் அகலம் முழுக்க உட்காருகிறது. இரண்டு பலகையும் ஒரே வாட்டத்தில் உப்பிச் சுருங்குவதால் மூட்டுக்கு நோவில்லை. பக்கங்கள் வெளியே விரியாமல் இருக்க மட்டும் வேறு வழி வேண்டும். அதற்குத்தான் வாய் குறுகி அடி அகன்ற புறாவால் காடி. தட்டைப் பின்னாலிருந்து செருக வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் கழலாது.

அதே லண்டனில் 1666 ஜூலையில் கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ், புத்தகங்கள் நாற்காலிகளில் குவிந்து கிடப்பது பொறுக்காமல் ஆளை அழைத்தார். வந்தவர் சிம்ப்சன் என்ற ஜாயினர். இருவருமாக யோசித்து ஓக் மரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளை வடிவமைத்தார்கள். அடுத்த மாதமே அவை வீடேறின. செப்டம்பரில் லண்டன் எரிந்தது, பீப்ஸின் வீடு தப்பியது. பிறகு சேர்ந்தவையோடு 12 அலமாரிகள், 3000 நூல்கள். 1724 முதல் கேம்பிரிட்ஜ் மாக்டலின் கல்லூரியில் இருக்கின்றன.

எரிந்த நகரைக் கட்ட ஆள் போதவில்லை. 1667-இல் வந்த சட்டம் சங்கத்தில் சேராத வெளியூர்த் தச்சர்களையும் உள்ளே வேலை செய்ய விட்டது. 35 ஆண்டுகளுக்கு முன் போட்ட கோட்டை அதன் பிறகு யாராலும் பழையபடி காவல் காக்க முடியவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. காடி வெட்டத் தெரிந்தவன் எந்தச் சங்கத்தில் இருந்தால் என்ன?

இன்றைய தொழிற்சாலை அலமாரியில் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் 5 மில்லிமீட்டர் துளைகள், அவற்றில் நான்கு சின்ன முளைகள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக்கு நார் கிடையாது, காடியின் உதடு உதிர்ந்துவிடும். அதனால் அதற்கு முளைதான் பொருத்தம். தட்டை ஏற்றி இறக்கவும் வசதி. கேட்பவர்களுக்கு நானும் முளை வைத்துத் தருகிறேன். நடுத்தட்டை மட்டும் புறாவால் காடியில்தான் ஏற்றுவேன். அதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை.