ஓமோனும் அதன் வாங்கியும்

1855 ஆம் ஆண்டில் லண்டன் கைஸ் வைத்தியசாலையின் தோமஸ் அடிசன் வெளியிட்ட நூல், தோல் கருமையுற்று வலியிழந்து இறந்தோரின் நோயை அதிரீனற் சுரப்பியின் சிதைவோடு இணைத்தது. சுரப்பியே குற்றவாளி என்னும் கருத்து அன்றுதொட்டு வேரூன்றிற்று. அதன் ஆணையை ஏற்கவேண்டிய கலத்தின்பால் ஐயம் திரும்புதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது.

1958 இல் சீக், பெரி என்போர், சிறுநீர்வழியே உப்பை இடையறாது இழந்த குழந்தையொன்றைப் பற்றி எழுதினர். அல்டொஸ்தெரோன் என்னும் ஓமோன் குறைந்தாலன்றோ உப்பு இவ்வாறு நீங்கும்? இத்தகைய நோயாளரின் குருதியிலோ அது மிகுந்திருந்தமை பின்னர்த் தெரியவந்தது. ஆணை பிறந்தது, கேட்பாரில்லை.

வாங்கிகளைத் தேடுதற்குச் சிறுநீரகத்தை அறுப்பதா? பச்சிளங் குழந்தைகளில் அது எளிதில் துணியத்தக்க காரியமன்று. வெண்குருதிக் கலங்கள் சிலவற்றிலும் அவ்வாங்கிகள் உள. அவற்றைப் பெறச் சிறிது குருதி போதும். இவ்வழியைக் கையாண்ட ஆர்மனினி குழுவினர், நோயாளரின் அக்கலங்களில் வாங்கிகள் அறவே இல்லை, அன்றேல் மிகக் குறைவு என 1985 இல் அறிவித்தனர்.

கதை அத்துடன் முடியவில்லை. நோயின் கடுமையான வகைக்குச் சோடியக் கால்வாயின் பரம்பரையலகுப் பழுதே காரணமென 1996 இல் நிறுவப்பட்டது. வாங்கியின் பரம்பரையலகு பழுதுற்றிருத்தல் 1998 இல் மென்மையான வகையிலேயே காணப்பட்டது. இவ்வகைக் குழந்தைகள் உப்பூட்டப்பெற்று, வளருந்தோறும் பெரும்பாலும் தேறுவர். மற்றையோர்க்கு உப்பு வாழ்நாள் முழுதும் வேண்டும்.