அணைக்கரைப் பாலமும் சோழர் கல்லும்

அமெரிக்காவில் இருக்கும் மகன் இலையுதிர் காலம் வந்தால் படம் அனுப்புவான். கூரை போட்ட பழைய மரப்பாலங்கள். பாலத்துக்கு எதற்கடா கூரை என்று கேட்டேன். மரம் மழையில் ஊறி மக்கிவிடாமல் இருக்கத்தானாம். நம்முடையது கல்லும் செங்கலும். கூரை வேண்டாம்.

அந்தப் பேச்சில்தான் போன ஐப்பசியில் மச்சானோடு அணைக்கரைக்குக் காரில் கிளம்பினேன். கடலூர், வடலூர், சேத்தியாத்தோப்பு வழி. புதுச்சேரியிலிருந்து கும்பகோணம் போனவர்களுக்கு அந்தப் பாலத்தை மறக்க முடியாது. குறுகல் பாலம். எதிர்வண்டிகள் கடக்கும்வரை பஸ் காத்து நிற்கும், வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

கொள்ளிடம் அங்கே இரண்டாகப் பிரிந்து, நடுவில் திட்டு விட்டு ஓடுகிறது. கீழணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன், ஆண்டு 1836. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு. அதனால் தண்ணீர் கொள்ளிடத்திலேயே இறங்கிப் போக, காவிரி மணல்மேடாகி, தஞ்சைக் கழனிகள் காய்ந்துகொண்டிருந்தன. காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டித் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். அப்படியும் கொள்ளிடத்தில் வருவதைக் கீழே மறித்துப் பிடிக்கத்தான் இந்த அணை. வடவாறு இங்கே பிரிந்துதான் வீராணம் ஏரி நிரம்புகிறது. சென்னைக்காரர்கள் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

காட்டனை நான் கும்பிடுகிற ஆள். ஆனால் அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் கிட்டத்தில்தான். போனோம். ராஜேந்திர சோழன் கட்டிய கோயில், விமானம் அப்படியே நிற்கிறது. சுற்றிலும் பார்த்தால் வெறிச்சென்று இருக்கிறது.

"மதில் எங்கே மாமா?" என்றான் மச்சான்.

"நாம வந்த அணையில இருக்குடா."

உண்மைதான். கீழணை கட்டக் கருங்கல் வேண்டுமென்று இந்தக் கோயிலின் திருமதிலை இடித்து எடுத்துப்போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள், அதற்குத் தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்ற வாக்கையும் காப்பாற்றவில்லை என்று 1855-இல் வெளிவந்த ஒரு குறிப்பு சொல்கிறது. 2004-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கோயில் இது!

வெள்ளைக்காரன் செய்த அநியாயம் என்று மச்சான் வழியெல்லாம் பொருமினான். எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. அந்த மதில் போன வகையில் எத்தனை ஊர் சோறு தின்றது? வேறு கல்லே கிடைக்கவில்லையா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

இருட்டும் நேரத்தில் ஊர் வந்து, காற்று வாங்கக் கடற்கரையில் உட்கார்ந்தோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களை மச்சானுக்குக் காட்டினேன். அவை பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. அவன் ஒன்றும் பேசவில்லை. சுண்டல் வாங்கப் போய்விட்டான்.